சஃப்ரீனின் பாட்டுக்கு நான் ஏற்றிய வயது

1

உலகத்தில் எந்த மனிதனும் செய்யாத ஒரு காரியத்தை நான் செய்திருக்கிறேன். முந்தாநாள் பிறந்த ஒரு பாட்டுக்கு, ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள், முந்நூறு வயது ஏற்றினேன். ஏற்றும்போது நான் தனி ஆள். இறக்குவதற்கு மூன்று வாரமாக மூச்சைப் பிடித்து இழுக்கிறேன். ஒரு நாள்கூடக் குறையவில்லை.

[நம்பும்படி இல்லை. — வெ.]

பார்த்தீர்களா? நாலு வரி ஆவதற்குள் சிவப்புப் பென்சில் வந்துவிட்டது. இனி இப்படித்தான் வந்துகொண்டிருக்கும்; பழகிக்கொள்ளுங்கள். வெ. என்றால் வெங்கடேஷ். பம்பாய் மாட்டுங்காவாசி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெயிம் பிரிவில் நாற்பது வருஷம் இருந்தவர். அதாவது, செத்துப்போனவன் சொன்னால்கூட நம்பாமல் சம்பளம் வாங்கியவர். இப்போது தென்றல் வாசகர் சபையின் செயலாளர், நூலகர், ஆண்டு மலரின் ஆசிரியர். நீங்கள் கையில் வைத்திருப்பது அந்த மலர்தான். இந்தக் கதையைப் போட அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: தன் திருத்தங்கள் எழுதிய இடத்திலேயே அச்சாக வேண்டும். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: அவர் எதையும் அடிக்கக் கூடாது.

நான் பூலோகம். வயது எழுபத்தொன்று, ஜாகை ஆண்டாப் ஹில். பெஸ்ட் டவுன் பஸ்ஸில் முப்பத்தாறு வருஷம் கண்டக்டர். சயானில் பஸ் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் அசையாது. டிக்கெட் கிழித்து முடித்த கண்டக்டர் என்ன செய்வான்? நான் கதை சொன்னேன். தமிழில் தொடங்கினால் ஹிந்தியில் வளர்ந்து மராத்தியில் முடியும். கதை முடிகிற வரைக்கும் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியவர்கள் உண்டு. அப்படித் தினமும் ஏறி, தினமும் "பொய் ஓய்" என்று சொல்லிவிட்டு இறங்கியவர்தான் வெங்கடேஷ். வீட்டிலும் எனக்கு அதே மரியாதைதான். மழை பெய்கிறது என்று நான் சொன்னால், என் மனைவி பார்வதியம்மாள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள்.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. கதைகள் எல்லாமே பொய்தானே என்று தத்துவம் பேசித் தப்பிக்கப் போவதில்லை. அந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்கிற வேலை இருந்திருக்காது.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "தாராவியின் நெரிசலான சந்து ஒன்றில், சாக்கடைமேல் போட்ட பலகையில் கால் வைத்தபடி ஒரு சிறுமி..."

நிறுத்திவிட்டேன். சஃப்ரீனைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த பதினேழு கட்டுரைகளும் சாக்கடையில்தான் தொடங்குகின்றன. எண்ணிப் பார்த்தேன். பணக்காரக் கொலாபாவிலிருந்து ஒரு பாடகி வந்தால் அவள் குரலில் தொடங்குகிறார்கள். தாராவியிலிருந்து வந்தால் தண்ணீர்க் குழாயில் தொடங்குகிறார்கள். அவள் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது ஐயா!

(ஆ) "சஃப்ரீன் பிறந்தபோதே நாலு பாஷையில் அழுதாள்."

[அடிக்கவும். — வெ.]

அடிக்க மாட்டேன். இது மிகை, பொய் இல்லை. வீட்டில் உம்மாவோடு திருநெல்வேலித் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத் தோழிகளோடு மராத்தி, கோபம் வந்தால் இங்கிலீஷ். எதையும் அவள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. தாராவியில் வளர்கிற பிள்ளைக்கு மொழிகள் ஜலதோஷம் மாதிரி, தானாகத் தொற்றும்.

(இ) சரி, நேராகவே சொல்கிறேன்.

அவள் தகப்பனார் கரீம் பாட்சா பெல்ட் பட்டறை வைத்திருக்கிறார். என் பஸ்ஸில் தோல் கட்டுகளை ஏற்றிச் சண்டை போட்டே எனக்குச் சிநேகிதமானவர். பட்டறைக்குப் பின்னால் தோல் அடுக்கி வைக்கிற அறை ஒன்று உண்டு. நாலு சுவரிலும் கூரை வரைக்கும் தோல். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் ஒரு பொட்டு வராது. நீங்கள் பேசுவது எதிரொலிக்காது. லட்சக்கணக்கில் செலவழித்து அந்தேரியில் கட்டுகிறார்களே ஒலிப்பதிவு அறை, அது இங்கே ஆட்டுத் தோலில் இலவசம். வாசனைதான் தாங்காது. சஃப்ரீன் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, போனை ஒரு தோல் கட்டின்மேல் சாய்த்து வைத்து, துணியை இறக்கிப் பாடிவிட்டு, மறுபடி கட்டிக்கொள்வாள்.

பதினாறு வயதில் கல்யாண வீடுகளில் பாடினாள். பிறகு ஏழு வருஷம் விளம்பரம். ஒரே பிஸ்கட்டை ஐந்து மொழியில் விற்றாள். காலையில் தமிழ்ப் பிஸ்கட், மத்தியானம் தெலுங்குப் பிஸ்கட், சாயங்காலம் மராத்திப் பிஸ்கட். பிஸ்கட்டின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். பாடியவள் பெயர் பிஸ்கட் கம்பெனிக்கே தெரியாது. ஆகவே சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான்: பாட்டுக்குக் கீழே எழுதியவர் என்று தன் பெயர் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து அவளுக்குப் பத்துப் பதினைந்து தெரியும். கடைப் பலகைகளில் பார்த்தவை. அதனால் தமிழ் வரிகளையும் ஹிந்தி எழுத்திலேயே நோட்டில் எழுதுவாள். அவள் தோழிகள், அண்டை வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் அப்படித்தான்.

[வெட்கக்கேடு. — வெ.]

யாருக்கு ஐயா வெட்கம்? தாராவியில் எத்தனை வார்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினோம் நாம்? பொங்கல் விழாவுக்குப் பேச்சாளரை விமானத்தில் வரவழைத்தோம். அகரம் சொல்லிக்கொடுக்க நம்மில் ஒருவர் ரயில்வே லைனைத் தாண்டிப் போனோமா? எழுத்து இல்லாமலே அந்தப் பிள்ளைகள் மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு நாம் தலையில் குட்டுகிறோம்.

அவள் கட்டிய பாட்டு உங்களுக்குத் தெரியும். ஹிந்தியில் ஒரு பத்தி, மராத்தியில் ஒன்று, இங்கிலீஷில் படபடவென்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே திரும்பத் திரும்ப வருகிற ஆறு வரித் தமிழ்:

வாசம் புடிச்சு வா மச்சான்
வழிய கேட்டு நிக்காத
தோலு வாசம் சோத்தாங்கை
சோப்பு வாசம் பீச்சாங்கை
சோத்து வாசம் எங்க தடுக்குதோ
அங்கதான் எங்க வூடு

சாப்பாடு கொண்டுவருகிறவர்களுக்குப் போனில் வழி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது. தோல் பட்டறையில் வலப்பக்கம், சோப்பு காய்ச்சுகிற இடத்தில் இடப்பக்கம், சோறு கொதிக்கிற வாசனை எங்கே காலைத் தடுக்குகிறதோ அதுதான் எங்கள் வீடு. இது கவிதை இல்லை, அட்ரஸ். அட்ரஸையே கவிதையாக எழுத வேண்டிய ஊரில் அவள் பிறந்தாள்.

யூடியூபில் நாலு கோடிப் பேர் கேட்டார்கள். ஹிந்திக்காரர்கள் தமிழ் எதற்கு என்றார்கள். தமிழர்கள் ஹிந்தி எதற்கு என்றார்கள். மராத்தியில் ஒருவர், உச்சரிப்பு பிரமாதம், நீ எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று கேட்டார். மாஹிம் ஸ்டேஷனிலிருந்து நடந்து பதினைந்து நிமிஷம் என்று சஃப்ரீன் பதில் போட்டாள்.

3

இனி பொய்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் நானும் வெங்கடேஷும் காலையில் காபி குடிக்கிற ஓட்டல். யூடியூப் சேனல்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். சஃப்ரீனை எனக்குத் தெரியும் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். (நான்தான் சொல்லியிருப்பேன், ஓட்டலில் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.) அவர் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் நான் உண்மையைத்தான் சொன்னேன்!

"அந்தப் புள்ளயே எழுதினதுங்க. டெலிவரிக்காரனுக்கு வழி சொல்லி வாய் வலிச்சு எழுதினா."

சேனல்காரர் கொட்டாவி விட்டார். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. முப்பத்தாறு வருஷத்தில் என் பஸ்ஸில் ஒருத்தர்கூடக் கொட்டாவி விட்டதில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அது இருக்கட்டும், அந்தத் தமிழ் வரி இருக்குலா, அது முந்நூறு வருஷப் பாட்டு" என்றேன்.

விளக்கு எரிந்தது.

அப்புறம் என்னை யார் நிறுத்துவது? என் பாட்டனாருக்குப் பாட்டனார் இருட்டில் வண்டி ஓட்டும்போது பாடியது என்றேன். வழிப்பறிக் கும்பல் ஒன்று இந்தப் பாட்டைக் கேட்டு அழுது திருந்தியது என்றேன். மாடுகளுக்கே மனப்பாடம் என்றேன். நான் பிறந்தது ஆண்டாப் ஹில்லில். ஊருக்குப் போனது மொத்தம் நாலு தடவை. அதில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. இருந்தாலும் வாய் ஓடியது.

சேனல்காரர் புத்திசாலி. "முந்நூறு வருஷத்துக்கு முன்னால சோப்பு ஏதுங்க?" என்று கேட்டார்.

"அப்போ சீயக்காய்னு இருந்தது. பம்பாய் வந்த பெறவு சோப்பாச்சு" என்றேன். கண் சிமிட்டாமல். அந்த ஒரு வினாடிக்காக இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். மெச்சிக்கொண்டபின் செருப்பால் அடித்துக்கொள்கிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்த வெங்கடேஷ் வழக்கம்போல் "பொய் ஓய்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அன்றைக்கு அவர் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, காபி பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

போன ஆண்டு மலரில் கட்டுரை வந்தது. 'மும்பைத் தமிழரிடையே ஒரு தென்பாண்டி வழிநடைப் பாடல்.' பதினோரு அடிக்குறிப்புகள். 'சோப்பு என்பது பிற்காலத் திரிபு, மூலபாடம் சீயக்காய்.' 'பீச்சாங்கை கொச்சை. மூலத்தில் இடங்கை என்றே இருந்திருத்தல் வேண்டும்.' தகவல் தந்தவர்: பூலோகம்.

நாற்பது வருஷம் நான் உண்மையும் பொய்யும் கலந்து மூட்டை மூட்டையாகக் கொடுத்தேன். ஒரு பிடி வாங்கவில்லை இந்த மனிதர். கலப்படமே இல்லாத சுத்தமான பொய் ஒன்றைக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்!

[கட்டுரை அப்போது கிடைத்த தகவலின் அடிப்படையில் எழுதப்பட்டது. — வெ.]

4

சஃப்ரீனின் பாட்டை அந்தேரியில் ஒரு கம்பெனி வாங்க வந்தது. பெரிய அளவில் புதிதாக ஒலிப்பதிவு செய்து நாடு முழுக்க வெளியிடுவதாகத் திட்டம். கையெழுத்துப் போட அனுப்பிய பத்திரத்தில் ஒரு அட்டவணை இருந்தது. ஹிந்தி வரிகள்: சஃப்ரீன். மராத்தி வரிகள்: சஃப்ரீன். இங்கிலீஷ் வரிகள்: சஃப்ரீன். தமிழ் வரிகள்: டிரடிஷனல்.

வெளியே தொற்றிய மூன்று மொழியிலும் அவள் கவி. பெற்ற தாயோடு பேசுகிற மொழியில் மட்டும் அவள் யாரோ.

அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். கம்பெனிக்குக் கவலையே இல்லை. பாரம்பரியப் பாட்டு என்றால் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் பாடலாம். தமிழ் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு பாடகியை வைத்துப் பதிவு செய்ய இருபதாம் தேதி ஸ்டூடியோவும் பிடித்துவிட்டார்கள்.

இதைக் கரீம் பாட்சா போனில் சொன்ன அன்றே அந்தேரிக்கு ஓடினேன். நகுல் என்று ஒருவன், பாட்டு உரிமைகளைப் பார்க்கிறவன். முப்பது வயதிருக்கும். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தான். அவன் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நான் பொய் சொல்லிட்டேன் தம்பி. பாட்டு அந்தப் பொண்ணோடதுதான்" என்றேன்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. அப்போ பொய் சொன்னீங்களா, இப்போ பொய் சொல்றீங்களா?"

"அப்போ."

"அதை எப்படி நம்பறது? பொய் சொல்றவன்னு நீங்களே சொல்றீங்களே."

முப்பத்தாறு வருஷ சர்வீஸில், பெரிய நோட்டுக்குச் சில்லறை கேட்ட எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்! இந்தப் பையன் என்னை என் வாயாலேயே மடக்கிவிட்டான்.

"அங்கிள், உங்க வீடியோ எங்களுக்கு முக்கியமில்லை" என்று அவன் ஒரு புத்தகத்தை மேஜைமேல் வைத்தான். தென்றல் ஆண்டு மலர். "இதுதான் ஆதாரம். இதை எழுதினவர் தன் கட்டுரையை அச்சிலேயே வாபஸ் வாங்கட்டும். காரணமும் சொல்லட்டும். இருபதாம் தேதிக்குள்ள வந்தா நான் மேல பேசறேன்."

5

தாராவிக்குப் போனேன். இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். முதல் பிரதியில் சஃப்ரீன் என் காலில் விழுந்து... அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன். அவள் ஏன் என் காலில் விழ வேண்டும்? என்ன புத்தி இது எனக்கு!

கரீம் பாட்சா பெல்ட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலை வைத்தார். "வாங்க அண்ணாச்சி. டீ சொல்லட்டா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சஃப்ரீன் தோல் அறையில் இருந்தாள். கதவைத் திறந்ததும் மூக்கிலிருந்து துணியை இறக்கினாள்.

"ஆயியே, வாங்க முந்நூறு வருஷ மாமா."

"சஃப்ரீனு..."

"இல்ல மாமா, கேக்குறேன். மாடு பாடிச்சா நெசமாவே? என் பாட்ட?"

"மாடு பாடலம்மா. மனப்பாடம்னுதான் சொன்னேன்."

"வாப்பா, சுன்லோ, கேட்டுக்குங்க! மாடு பாடலியாம், மனப்பாடமாம்!" அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறு என்னவோவாக மாறியது. "ஏழு வருஷம் பிஸ்கட் பாடுனேன் மாமா. யார்ரா இதுன்னு ஒருத்தன் கேக்கல. இப்பதான் கேக்குறான். கேட்டா, உங்க பாட்டனாராம்! எனக்கு எழுதத் தெரியாதுன்னு அந்த நகுல் மூஞ்சிக்கு நேரா சொல்றான். நோட்டக் காட்டினேன். இது ஹிந்தி எழுத்து மேடம், தமிழ் எங்கேங்கறான். பாட்டு எழுத்துலயா மாமா இருக்கு?"

சரிந்து கிடந்த ஒரு தோலை எடுத்து அடுக்கின்மேல் வைத்தேன்.

அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கட்டுரைக்கு மேலே அச்சாகியிருந்த வெங்கடேஷின் புகைப்படம். "இந்த ஆளு யாரு மாமா?"

"எனக்குத் தெரிஞ்சவர்தான்."

"எனக்கும் தெரியும். ரெண்டு வருஷம் முந்தி பாட்டு பாதி இருந்தப்போ இவர்ட்ட போனேன். மாட்டுங்கா லைப்ரரி. தமிழ்ல ஒரு டவுட்டு கேக்கலாம்னு. நோட்டப் பாத்தாரு. எந்திரிச்சுப் போன்னு சொல்லிட்டாரு. பேரு தெரியாது. காதுல செவப்புப் பென்சில் வச்சிருந்தாரு."

எனக்குக் காது அடைத்தது. தோல் அறை என்பதால் அல்ல.

6

மறுநாள் காலை, அதே ஓட்டல், அதே மேஜை.

"சார், ஒரு பொண்ணு உம்ம லைப்ரரிக்கு வந்தாளாமே, ரெண்டு வருஷம் முந்தி?"

"எந்தப் பொண்ணு?"

"சஃப்ரீன். ஹிந்தி எழுத்துல எழுதின நோட்டோட."

"யாரும் வரலை ஓய். லைப்ரரிக்கு யார் வரா? கரையான்தான் வரது."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க என்ன இருக்கு? இன்னொரு கதை கட்டறீர் நீர். முதல்ல முந்நூறு வருஷம்னீர். இப்போ நான் விரட்டினேங்கறீர். நாளைக்கு அந்த மாட்டைச் சாட்சிக்கு அழைச்சுண்டு வருவீர்."

"இந்தத் தடவை நான் பொய் சொல்லல சார்."

"அதுதான் ஓய் நீர் சொன்னதுலேயே பெரிய பொய்" என்று காபியை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறவர்.

[அன்று காபி அதிகச் சூடு. — வெ.]

அப்போதுதான் தீர்மானித்தேன். வாயால் சொன்னால் இவர் நம்ப மாட்டார். கதையாக எழுதுவேன். பகுதி பகுதியாக மலருக்குக் கொடுப்பேன். ஆசிரியர் என்ற முறையில் ஒவ்வொரு வரியாக இவரே படித்தாக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இவரே பென்சிலைத் தூக்கியாக வேண்டும். சஃப்ரீன் நூலகப் படியேறுகிற இடத்தில் அந்தப் பென்சில் என்ன எழுதுகிறது என்று பார்ப்போம்.

5-ஆம் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு குறிப்பும் இல்லை.

7

ஒரு சிறுகதை எழுதுகிறவன் பாத்திரத்தை நம்ப வேண்டும் என்கிறார்கள். எனக்கு இந்த வெங்கடேஷ் என்ற பாத்திரம் நம்பும்படி அமையவில்லை.

யோசியுங்கள். நெருப்பில் எரிந்த கடையின் சாம்பலைக்கூடச் சலித்துப் பார்த்துவிட்டுக் கிளெயிமை நிராகரித்த மனிதர், ஒரு ரிடையர்டு கண்டக்டர் காபி குடிக்கும்போது சொன்னதை வைத்துப் பதினோரு அடிக்குறிப்பு எழுதுவாரா? வாசகரே, நீங்கள் நம்புவீர்களா? நான் இப்படி நினைக்கிறேன்: ஒரு பொய்யை ஒருவர் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார் என்றால், அதனால் அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி கிடைக்கிறது. பாட்டு முந்நூறு வருஷப் பழசு என்றால், அந்தப் பெண் எங்கேயோ கேட்டதை ஒப்பித்தவள். ஒப்பித்தவளை எழுந்து போகச் சொன்னால் என்ன குற்றம்? பாட்டு அவளுடையது என்றால், கதை வேறு.

[ஊகம். — வெ.]

ஊகம்தான். எழுத்தாளனுக்கு வேறு என்ன ஐயா தொழில்?

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நகுல் அந்தேரியிலிருந்து ஆண்டாப் ஹில் வரை மேளதாளத்தோடு வந்து மன்னிப்புக் கேட்கிறான். வழியில் சயானில் டிராபிக். மேளக்காரர்களுக்குப் பசித்துவிடுகிறது. கரீம் பாட்சா அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டு ஆளுக்கொரு பெல்ட் கொடுத்து அனுப்புகிறார்.

[டிராபிக் மட்டும் நம்பலாம். — வெ.]

முடிவு இரண்டு: கட்டுரை கட்டுரையாகவே நிற்கிறது. இருபதாம் தேதி வேறொரு பெண் பாடுகிறாள். அவளும் நன்றாகவே பாடுகிறாள். பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்த ஆறு வரி அச்சாகிறது. சோப்பு இருந்த இடத்தில் சீயக்காய். பீச்சாங்கை இருந்த இடத்தில் இடங்கை. தாராவியில் ஒரு பெண் குழந்தை அதை மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வந்து தாயிடம் ஒப்பிக்கிறது. "உம்மா, இதை எழுதினவங்க பேரு கேட்டா, 'தெரியவில்லை'ன்னு எழுதணும், டீச்சர் சொன்னாங்க." தாய் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். தாயின் பெயர் சஃப்ரீன்.

இந்த இடத்தில் வெங்கடேஷின் பென்சில் தாளைத் தொட்டிருக்கிறது. ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. எழுத்து ஏதும் இல்லை.

முடிவு மூன்று எழுத உட்கார்ந்தேன். அதில் நான் கம்பெனி வாசலில் உண்ணாவிரதம்... வேண்டாம். பார்வதியம்மாள் சிரித்துவிட்டாள். "காலைல காபி இல்லாட்டி உங்களுக்குக் கை நடுங்கும்" என்றாள்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நீங்கள் நம்பாதது நியாயம்தான். என் வாய்க்கு மரியாதை இல்லாமல் போனதற்கு நான் தண்டனை அனுபவித்தால் சரி. இருபத்தாறு வயதுப் பெண் ஏன் அனுபவிக்க வேண்டும்? இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது இருபதாம் தேதி தாண்டியிருக்கும். போனை எடுங்கள். பாட்டைப் போடுங்கள். தமிழ் வரிகள் என்ற இடத்துக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். இந்தக் கதையின் முடிவு அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.

8

பகுதி பகுதியாக அவர் திருத்திய அத்தனையையும் சேர்த்து, கடைசிப் பார்வைக்காக வெங்கடேஷிடம் மறுபடி கொடுத்தேன். சாதாரணமாக ஒரே நாளில் திருத்தித் தருகிறவர் நாலு நாள் வைத்திருந்தார். நாலு நாளும் ஓட்டலுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தார். தாள்கட்டை மேஜையில் வைத்தார். காதில் பென்சில் இல்லை.

"என்ன சார், பொய்யெல்லாம் எண்ணிட்டீரா?"

"எண்ணினேன் ஓய். இருபத்திரண்டு."

"அவ்வளவுதானா?"

"கடைசிப் பக்கத்தைப் பாரும். எட்டாவது பகுதின்னு நம்பர் மட்டும் போட்டு விட்டிருந்தீரே, அதுக்குக் கீழே எழுதியிருக்கேன். அது அப்படியே அச்சுக்குப் போறது. ஒரு பிரதியை அந்தேரிக்கும் தபால்ல சேர்த்துட்டேன்." காபி வருவதற்குள் எழுந்துவிட்டார். நாற்பது வருஷத்தில் அவர் காபி குடிக்காமல் போனது அன்றுதான். (இதில் மிகை இல்லை.)

கீழே இருப்பது அவர் எழுதியது. பேனாவால் எழுதியிருந்தார். நான் ஒரு எழுத்தைத் தொடவில்லை.

[பூலோகம் எழுதிய இந்தக் கதையில் மேளதாளம், மாடு, வழிப்பறிக் கும்பல் ஆகியவை பொய். கொட்டாவி உண்மை. சென்ற ஆண்டு மலரில் வந்த என் கட்டுரையை முழுவதும் திரும்பப் பெறுகிறேன். காரணம்: அந்தப் பெண் வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன், ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை, நூலகம் மூடுகிற நேரம். நோட்டு மழையில் நனைந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்து என் மேஜையில் வைத்தாள். ஹிந்தி எழுத்தில் எழுதிய தமிழை நான் படிக்க மாட்டேன் என்று சொன்னேன். படித்தேன். ஆறு வரி. நிறைய அடித்தல் திருத்தல். ஐந்தாவது வரியில், 'சோத்து வாசம் எங்க' என்பதற்குப் பிறகு, ஒரு சொல்லுக்கு இடம் விட்டுக் கோடு போட்டிருந்தாள். 'தடுக்குதோ' என்ற சொல் அப்போது அங்கே இல்லை. அந்த இடத்தில் என்ன போடலாம் சார் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுந்து போகச் சொன்னேன். — வெங்கடேஷ்]